ஐந்து கதிர் வாங்கிய சூப்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் உயிரைக் காப்பது அதுதான். இந்தக் கதையில் வருகிறவர் அந்த பிரேக்கின் மேலேயே கால் வைத்துப் பாதி ஆயுளைக் கழித்தவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். எதிரே வருகிறவன் இடது பக்கம் விளக்குப் போட்டால் அவன் வலது பக்கம் திரும்புவான் என்பது அவருடைய முதல் பாடம். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம் என்று அர்த்தமில்லை, போகலாம் என்று யாரோ சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்பது இரண்டாவது பாடம். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரையும் ஒரு நீலத் தகடு ஏமாற்றிவிட்டது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பல வருடங்களாக அவளுக்கு வயிற்றுவலி, களைப்பு, தலைசுற்றல். ஒரு டாக்டர் வாயு என்றார், ஒருவர் கவலை என்றார், இன்னொருவர் வயசாகிறதில்லையா என்று சிரித்தார். கடைசியில் பார்த்த டாக்டர்தான் ரத்தத்தைப் பரிசோதித்து, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற பசைச்சத்து அவள் குடலுக்கு ஆகவே ஆகாது என்று கண்டுபிடித்தார். ஒரு சிட்டிகை போதுமாம், குடலின் உள்சுவரை அரித்துவிடுமாம். அன்றே மாஸ்டர் வீட்டிலிருந்த மாவு டப்பா, சல்லடை, மரக்கரண்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். வீட்டில் பிரச்சினை தீர்ந்தது. வெளியே போய்ச் சாப்பிடும் ஆசைதான் தீரவில்லை. மதியத்தில் கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் கும்பலாகக் கிளம்பிப் போவார்கள். இவள் சரக்கு அறையில் காலிக் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து, கொண்டுபோன டப்பாவைத் திறப்பாள்.

அந்த நகரத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. குளூட்டனற்ற உணவகப் பாதுகாப்பு மதிப்பீட்டு வாரியம் என்று அதற்குப் பெயர். உணவகங்களை எடைபோட்டு, வாசலில் நீலத் தகடு மாட்டும் வேலை அதனுடையது. தகட்டில் குறுக்குக் கோடு போட்ட கோதுமைக் கதிர்கள் இருக்கும். ஒரு கதிர் என்றால் சுமார். ஐந்து கதிர் என்றால் நோயாளி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்.

அவள் அப்படித்தான் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய உணவகம், வாசலில் ஐந்து கதிர். அவள் காய்கறி சூப் குடித்தாள். சாயந்திரம் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போகவில்லை. மாஸ்டர் உணவகத்துக்குப் போன் செய்து சூப்பில் என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது, எடுத்த பணியாளர் கள்ளங்கபடமில்லாமல் பதில் சொன்னார். "கொஞ்சம் கோதுமை மாவு கரைச்சு ஊத்தாம சூப்பு எப்படி சார் கெட்டியாகும்?"

மாஸ்டர் வாரியத்துக்குப் போனார். செயலாளர் அவரை உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு சார். ஆனா ஐந்து கதிர் வாங்கின இடத்துல சாப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டம்மாவுக்கு ஆகியிருக்கு. அப்படின்னா அவங்க அங்க சாப்பிடலைன்னுதான் அர்த்தம்."

தான் எதிரே உட்கார்ந்து பார்த்ததாக மாஸ்டர் சொன்னார். அப்படியானால் அந்த அம்மாளுக்கு நோயே இல்லாமல் இருக்கலாம் என்றார் செயலாளர். டாக்டர் கொடுத்த சான்றைக் காட்டியதும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நோயாளிகளைச் சந்தேகப்படுவதில்தான் பாதுகாப்பு ஆரம்பிக்கிறது என்பது வாரியத்தின் அடிப்படைக் கொள்கையாம். பிறகு, குடித்த சூப்பில் கொஞ்சம் சாட்சிக்காகக் கிடைக்குமா என்று கேட்டார். சூப் எந்த வழியாக வெளியே போனது என்பதை மாஸ்டர் விளக்கினார். செயலாளர் முகம் மாறாமல், அதில் கொஞ்சமாவது எடுத்து வைத்தீர்களா என்றார்.

மாஸ்டர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. செயலாளர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வாரியத்தில் பொதுமக்கள் உறுப்பினர் பதவி ஒன்று வெகுகாலமாகக் காலியாக இருப்பதாகவும், அதற்கு மாஸ்டரைப் போல அக்கறையுள்ளவர்தான் தேவை என்றும் சொன்னார். கைகுலுக்கிய பிறகுதான் இன்னொரு விதியையும் சொன்னார். உறுப்பினராக இருப்பவர் வாரியத்தின் மேல் புகார் கொடுக்க முடியாது.

"ஏங்க, வாயை அடைக்கறதுக்காக நாற்காலி போட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

"தெரியுது. ஆனா வண்டிக்குள்ள ஏறினாத்தானே யார் ஓட்டறாங்கன்னு பார்க்க முடியும்" என்றார் அவர்.

முதல் ஆய்வே அந்தக் கண்ணாடி உணவகத்தில்தான். வருடாந்திர மறுமதிப்பீடு. திடீரென்று போய் நின்றால் உணவகங்கள் பயந்துவிடும், பயந்தவர்கள் இயல்பாகச் சமைக்க மாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் முன்பே தேதி சொல்லியிருந்தார்கள். வாரியத் தலைவர் அம்மையார் வெள்ளைக் கையுறை போட்டு வந்தார். அவர் எதையும் தொடவில்லை, ஆனால் கையுறை இருந்தது. வாசல் தகடு தரையிலிருந்து சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அளந்தார்கள். விலைப்பட்டியலில் 'குளூட்டனற்றது' என்ற எழுத்து கொட்டையாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பரிமாறுகிறவர்களை வரிசையாக நிறுத்தி 'பாதுகாப்பு' என்று சொல்ல வைத்து, சொல்லும்போது புன்னகை வருகிறதா என்று கவனித்தார்கள். ஒருவருக்குப் பல்வலி. அவரால் ஒரு மதிப்பெண் போயிற்று.

சமையலறைப் பக்கம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். மாஸ்டர் மட்டும் திரும்பவில்லை. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தார். பெரிய பானையில் கோதுமை நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் அதை அரித்து எடுத்துவிட்டு, அதே தண்ணீரில் நோயாளிகளுக்கான அரிசி நூடுல்ஸைப் போட்டார். மேலே சுற்றுகிற விசிறியின் இறக்கைகளில் மாவு படிந்திருந்தது.

அதைத் தலைவரிடம் சொன்னார். அம்மையார் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்.

"நீங்க பார்த்தது பார்வை. நாங்க செய்யறது மதிப்பீடு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. சமையலறையைப் பார்த்துட்டா மனசு ஒரு பக்கமா சாய்ஞ்சுடும். அப்புறம் நடுநிலை எப்படி வரும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றி மாஸ்டர் கேள்விப்பட்டிருக்கிறார். பூசணிக்காய்க்கு முதுகைக் காட்டிவிட்டால் மறைக்கிற சிரமம்கூட இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்.

பிறகு சுவைஞர் வந்தார். வாரியத்தின் அதிகாரபூர்வச் சுவைஞர். உயரமான, தோள் அகன்ற மனிதர், கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும் வயிறு என்று அவரைப் பார்த்தால் தோன்றும். மேஜையில் எட்டுத் தட்டுகள் வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, பெரிய வெள்ளைத் துணியால் வாயைத் துடைத்து, தலையசைத்தார். அரைமணி நேரம் கழித்துச் செயலாளர் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். ஐந்து கதிர் நிலைத்தது.

நோயே இல்லாதவர் சாப்பிட்டுப் பார்த்து என்ன பிரயோஜனம், நோயாளி ஒருவரை வைத்தால் என்ன என்று மாஸ்டர் செயலாளரிடம் கேட்டார்.

"வெச்சிருந்தோம் சார், ஆரம்பத்துல. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த மனுஷன் படுத்துடுவார். எல்லா அறிக்கையும் 'உடம்புக்கு முடியவில்லை'ன்னு ஒரே மாதிரி வந்துச்சு. வித்தியாசமே இல்லைன்னா எப்படி சார் தரம் பிரிக்கறது?"

மாஸ்டர் மேஜைப் பக்கம் திரும்பினார். அவர் கண் வேறொன்றில் இருந்தது. சுவைஞர் வாய் துடைத்த துணி. முதல் தட்டின்போது அது மடிப்புக் கலையாமல் தட்டையாக இருந்தது. எட்டாவது தட்டுக்குப் பிறகு ஒரு பொட்டலம் போலக் கனத்துத் தொங்கியது. சுவைஞர் அதை யாரும் பார்க்காத மாதிரி கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். லஞ்சமா, திருட்டா, வேறு ஏதாவதா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. ஏதோ இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அடுத்த ஆய்வு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கடை. நடத்துகிறவரை அங்கே எல்லோரும் அக்கா என்றார்கள். அவர் புருஷனுக்கும் இதே நோய். அதனால் அக்கா அந்தக் கட்டடத்துக்குள் கோதுமையை அண்ட விடுவதில்லை. சோறு, பொரித்த மீன், முட்டை, உருளைக்கிழங்கு, அரிசி மாவில் சுட்ட ரொட்டி. வேலை செய்கிறவர்கள் தங்கள் சாப்பாட்டு டப்பாவைக்கூட வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும்.

செயலாளர் கேட்க ஆரம்பித்தார். கோதுமை மாவு வைக்கத் தனி அலமாரி இருக்கிறதா? இல்லை. கோதுமைக்குத் தனிப் பாத்திரம்? இல்லை. தனிக் கத்தி, தனித் துணி, தனித் தொட்டி? எதுவும் இல்லை. கோதுமையே இல்லாத இடத்தில் எதைத் தனியாகப் பிரிப்பது என்று அக்கா கேட்டார். செயலாளர் வருத்தத்தோடு கூட்டிப் பார்த்துப் பூஜ்யம் என்றார். இத்தனை ஆபத்தான கடையை இதுவரை பார்த்ததில்லை என்று தலைவர் சொன்னார். ஆனாலும் வாரியத்துக்கு இரக்கம் உண்டு என்பதால் ஒரு வழியும் காட்டினார். ஒரு மூட்டை கோதுமை மாவு வாங்கி உள்ளே வைத்து, அதைப் பத்திரமாகத் தனியாக வைத்திருப்பதை நிரூபித்தால் மூன்று கதிர் வரை கிடைக்கும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இல்லாத பாம்பைக் காசு குடுத்து வாங்கி வீட்டுல விட்டுட்டு, அப்புறம் கட்டையை வெச்சுக்கிட்டுக் காவல் காக்கணுமா? எனக்கு அடுப்புல வேலை இருக்குங்க."

தேறாத கடைகளுக்கு வாரியம் நீலத் தகடு மாட்டாது, சிவப்புப் பலகை மாட்டும். 'இந்த இடம் பாதுகாப்பு மதிப்பீட்டில் தேறவில்லை' என்று எழுதியிருக்கும். அதை மாட்டும் தீர்மானத்துக்கு எதிராக மாஸ்டர் ஒருவர்தான் கை தூக்கினார். 'பொதுமக்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள்' என்று கூட்டக் குறிப்பில் பதிவானது.

வீட்டில் சொன்னபோது, நாளைக்கே அங்கே போய்ச் சாப்பிடலாமா என்று மனைவி கேட்டாள். மாஸ்டர் தயங்கினார். அக்கா சொன்னது உண்மை மாதிரிதான் இருந்தது. உண்மை மாதிரி இருப்பதுதான் அவருக்கு உறுத்தியது.

"அந்த சூப்பைக் கொண்டு வந்து வெச்சவனும் நல்லவனாத்தான் இருந்தான்" என்றார்.

"இப்படியே போனா நீங்க என்னையும் சந்தேகப்படுவீங்க. எனக்கும் எதைப் பார்த்தாலும் பயமாத்தான் இருக்கு. தண்ணி டம்ளரைக்கூட மோந்து பார்த்துட்டுக் குடிக்கறேன். எவ்வளவு நாளைக்கு?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் இன்னொரு உணவகத்தில் ஆய்வு முடிந்து எல்லோரும் கலைந்ததும் மாஸ்டர் சுவைஞரைப் பின்தொடர்ந்தார். சுவைஞர் ஒரு குப்பைத் தொட்டி அருகே நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, துணியை உதறினார். மென்று கூழான எட்டு விதச் சாப்பாடும் அதிலிருந்து விழுந்தது. பிறகு வேகமாக நடந்து, பணிமனையைச் சுற்றிக்கொண்டு போய், சிவப்புப் பலகை தொங்கிய அக்கா கடைக்குள் நுழைந்தார்.

மாஸ்டர் உள்ளே போனபோது சுவைஞர் ஒரு தட்டு சோற்றையும் மீனையும் பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"எனக்கும் அதே நோய்தான் சார்" என்றார், மாஸ்டர் கேட்பதற்கு முன்பே. "வேலையில சேர்ந்த ரெண்டாவது வருஷம் தெரிஞ்சுது. வெளியில சொன்னா போச்சு. நோயாளி சுவைஞரா இருக்கக் கூடாதுன்னு விதி. இந்த வயசுல வேற என்ன வேலை தெரியும் எனக்கு? மெல்லத்தான் தெரியும்."

"அப்ப இத்தனை வருஷமா எந்தக் கடையிலயும் நீங்க ஒரு வாய்கூட முழுங்கினதில்லை."

"மெல்லறதே ஆபத்துதான். அதுக்கே ரெண்டு நாள் வயிறு பிசையும். நீங்க கதவுல எட்டிப் பார்த்ததா சொன்னாங்களே சார், நீங்க முழுங்குவீங்களா?"

"என் மனைவி முழுங்கினா" என்றார் மாஸ்டர். "அந்த சூப்புக்குத் தலையாட்டினது நீங்கதான்."

சுவைஞர் தட்டைத் தள்ளி வைத்தார். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆமா என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் அவரைத் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நகரத்திலுள்ள எல்லாச் சமையலறைகளையும் அறிந்த ஒரு நோயாளி, தன் சொந்தக் காசில் சாப்பிட வருவது இந்த ஒரு கடைக்குத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதைவிடப் பெரிய சான்று எந்தத் தகட்டிலும் இருக்க முடியாது.

மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அக்கா சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள், முகர்ந்தாள், எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டாள். அன்று முழுவதும் வலி வருமா வருமா என்று வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவளும் சுவைஞரும் அங்கே அடிக்கடி சந்தித்தார்கள். அவர் யார் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அவள் முதலில் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் உப்பை நகர்த்திக் கொடுத்தாள்.

இதற்குள் வாரியம் ஆறாவது கதிர் என்று ஒன்றை உருவாக்கிவிட்டது. முதல் ஆறாவது கதிர் அந்தக் கண்ணாடி உணவகத்துக்கு. பெரிய அரங்கம், கேமராக்கள், வரிசை வரிசையாக நாற்காலிகள். மாஸ்டரும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவர் அம்மையார் பேசினார். பாதுகாப்பு என்பது ஓர் உணர்வு என்றார். அந்த உணர்வை மக்களுக்குக் கொடுப்பதில் வாரியம் ஒருபோதும் சமையலைக் குறுக்கிட விட்டதில்லை என்றார். கைதட்டினார்கள். பிறகு, எல்லோர் கண்முன்னாலும் சுவைஞர் ஒரு கிண்ணம் சூப் குடித்துக் காட்டுவார் என்று அறிவித்தார். படத்துக்கு அழகாக இருக்காது என்று கேமராக்காரர் சொன்னதால் வெள்ளைத் துணியைச் சுவைஞரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள்.

சுவைஞர் கரண்டியை எடுத்தார். முன்வரிசையில் மாஸ்டரின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்காதீர்கள் என்கிற மாதிரி மெல்லத் தலையசைத்தாள். கரண்டி உதட்டருகே போய் நின்றது. அவர் அதைக் கிண்ணத்தில் திரும்ப வைத்துவிட்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"இதை நான் குடிக்க மாட்டேன். எனக்கு அந்த நோய் இருக்கு. வருஷக்கணக்கா இருக்கு. நான் கதிர் குடுத்த எந்தக் கடையிலயும் நான் சாப்பிட்டதில்லை. இந்த சூப்புல மாவு இருக்கு. முன்னாடி உட்கார்ந்திருக்காங்களே, அந்தம்மா இதைக் குடிச்சுட்டு ஒரு வாரம் படுத்திருந்தாங்க."

கேமராக்கள் மாஸ்டரின் மனைவி பக்கம் திரும்பின. வாரியம் இன்றோடு ஒழிந்தது என்று மாஸ்டர் நினைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கால் பிரேக்கைத் தேடவில்லை.

தலைவர் அம்மையார் செயலாளரிடம் குனிந்து ஏதோ பேசினார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பெரியோர்களே, நம் சுவைஞர் ஒரு நோயாளி என்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. நோயாளிகளின் கருத்து நடுநிலையானது அல்ல என்பதால் அவர் இந்த நிமிடத்திலிருந்து பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஆனால் அவர் சொன்னதைக் கவனியுங்கள். கடுமையான நோய் உள்ள ஒருவர், பல ஆண்டுகளாக, நாம் கதிர் கொடுத்த ஒவ்வோர் உணவகத்துக்கும் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. நம் உணவகங்கள் எத்தனை பாதுகாப்பானவை என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? அவர் சாப்பிடவில்லை, அதனால் நோய் வரவில்லை. நோய் வரவில்லை, அதனால் மதிப்பீடு சரி."

முதலில் கைதட்டியது கண்ணாடி உணவகத்தின் முதலாளி. பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஆறாவது கதிரை அங்கேயே மாட்டினார்கள்.

அடுத்த மாதம் எல்லா நீலத் தகடுகளுக்கும் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. 'குளூட்டன் நோயுள்ளவர்கள் இங்கே முழுப் பாதுகாப்புடன் அமரலாம். சாப்பிட வேண்டாம்.' கண்ணாடி உணவகம் அவர்களுக்கென்றே ஜன்னலோரம் ஒரு மேஜை ஒதுக்கியது. விரிப்பு உண்டு, பூ உண்டு, தட்டும் கரண்டியும் உண்டு, வாசிப்பதற்கு விலைப்பட்டியல் உண்டு. உட்காருவதற்குத் தனிக் கட்டணம். சுவைஞர் இப்போது அக்கா கடையில் மீன் பொரிக்கிறார். உப்பு சரியாக இருக்கிறதா என்று முழுங்கியே பார்க்கிறார்.

மாஸ்டர் உறுப்பினர் பதவியை விட்டுவிடுவதாகச் சொல்ல வாரியத்துக்குப் போனார். செயலாளர் உற்சாகமாக இருந்தார். புதிய வரி வந்ததிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லையாம்.

"சாப்பிடாதவங்க யாரும் புகார் குடுக்கறதில்லை சார்" என்றார்.

மாஸ்டர் விடைபெற்றுக் கதவு வரை போனார். பின்னாலேயே செயலாளர் எழுந்து வந்து, தாழ்வாரத்தில் ஆள் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைப் பாதி சாத்தினார்.

"சார், அந்த பஸ் டிப்போ பின்னாடி இருக்கற அக்கா கடை... ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"

மாஸ்டர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"என் சின்னப் பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கு" என்றார் செயலாளர். "வெளியில கூட்டிட்டுப் போகச் சொல்லி அழறா."

இது ஏதாவது பொறியாக இருக்குமோ என்று மாஸ்டர் அந்த முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். அதில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"திறந்திருக்கும். கூட்டம் இருக்கும், சீக்கிரம் போங்க" என்றார். "வாசல்ல சிவப்புப் பலகை தொங்கும். அடையாளம் தெரியும் உங்களுக்கு, நீங்க மாட்டினதுதான்."